மன்னாருக்குப் போகிறவர்களுக்கு: ஒரு வாசலின் வரலாறு

ரொறன்ரோவில் வாழும் நீண்ட கால வாசகர் ஒருவர் அண்மையில் எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். விடுமுறையில் பிள்ளைகளுடன் இலங்கைக்குச் செல்கிறார். யாழ்ப்பாணம் போகும் வழியில் மன்னாரில் இரண்டு நாட்கள் தங்கலாமா என்று யோசிக்கிறார். "அங்கே என்ன இருக்கிறது? கடைக்கோடி ஊர், இரண்டு நாட்கள் அதிகமோ?" என்று கேட்டிருந்தார்.

அவருக்கு நான்கு வரிகளில் பதில் எழுத எண்ணியே உட்கார்ந்தேன். அது இந்தக் கட்டுரையாக நீண்டு விட்டது. அவர் எழுதிய 'கடைக்கோடி ஊர்' என்ற சொற்களே அதற்குக் காரணம்.

இன்றைய வரைபடத்தைப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். மதவாச்சியில் இருந்து மேற்கே வரும் வீதியும் ரயில் பாதையும் தலைமன்னாரில் முடிந்து விடுகின்றன. அப்பால் கடல். ஆனால், ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கரை இலங்கைத் தீவின் வாசலாக இருந்தது. வணிகர், படைகள், அடியார்கள், மறைபரப்பாளர், முத்துக் குளிப்போர், தோட்டத் தொழிலாளர் என்று எல்லோரும் இதன் வழியாகவே வந்தனர். பலர் இதன் வழியாகவே வெளியேறவும் நேர்ந்தது. பயணிகள் கப்பல் நின்று, மன்னார் கடைக்கோடியாக மாறி நாற்பது ஆண்டுகளே ஆகின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டு போனால் இரண்டு நாட்கள் போதா. மறந்து விட்டுப் போனால் அரை நாளே மிச்சம்.

எப்போது, எப்படி?

கொழும்பில் இருந்து மன்னார் ஏறத்தாழ 310 கிலோ மீற்றர். புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி வழியாகப் பேருந்துகள் ஓடுகின்றன. போரினால் 1990 இல் நின்று போன தலைமன்னார் ரயில் பாதை இந்தியாவின் உதவியுடன் மீண்டும் போடப்பட்டு, 2015 மார்ச்சில் தலைமன்னார் இறங்குதுறை வரை திறக்கப்பட்டது. ரயிலில் வர விரும்புவோர் அன்றைய நேர அட்டவணையை முன்கூட்டியே விசாரித்துக் கொள்வது நல்லது.

ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்களே செல்வதற்கு உகந்தவை. மாரி மழை ஓய்ந்திருக்கும். வெயில் இன்னும் ஏறியிராது. தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட ஆழமற்ற நீர்ப்பரப்பிலும் வங்காலைப் பறவைகள் சரணாலயத்திலும் வலசை வரும் பறவைகளைக் காணக்கூடிய காலமும் அதுதான். பூநாரைகள் கூட்டம் கூட்டமாக நிற்பதைப் பாலத்தடியில் இருந்தே பார்க்கலாம். கிட்டே போய்ப் படம் பிடிக்கும் ஆசையில் அவற்றைக் கலைத்து விடாதீர்கள். ஏப்ரலுக்குப் பின்னர் வெயிலும் காற்றும் கடுமையாக இருக்கும். நிழல் குறைந்த நிலம் இது. தொப்பியும் குடிநீரும் எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

பெரும்பாலானோர் நேரே பாலத்தைக் கடந்து தீவுக்குள் போய், பெருக்க மரத்தடியில் படம் எடுத்துக்கொண்டு திரும்பி விடுகிறார்கள். என் யோசனை வேறு. முதல் நாள் தீவுக்குள் போகாதீர்கள். பெருநிலக் கரையில் இருந்து தொடங்குங்கள். வாசலின் பழைய நிலை அங்கேதான் இருக்கிறது.

முதல் நாள்: மாதோட்டம்

மதவாச்சி வீதியால் வருவோர் முதலில் மடு சந்தியைக் கடப்பார்கள். அங்கிருந்து காட்டுக்குள் செல்லும் கிளை வீதியின் முடிவில் மடு மாதா திருத்தலம் இருக்கிறது. 1670 ஆம் ஆண்டளவில், கத்தோலிக்கரை ஒடுக்கிய ஒல்லாந்தருக்கு அஞ்சி மாந்தைக் கோயிலில் இருந்து எடுத்துச் செல்லப்பட்ட மாதா சொரூபமே இன்று அங்கே இருப்பது என்பது மரபு. ஆடித் திருவிழாவுக்கும் ஆவணித் திருவிழாவுக்கும் தமிழரும் சிங்களவருமாக இலட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். போர்க் காலத்தில் இதே வளாகம் ஆயிரக்கணக்கான அகதிகளின் குடியிருப்பாக இருந்தது. 2008 இல் மாதா சொரூபமே மீண்டும் ஒரு முறை இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போய்த் திரும்பியது.

மடுவில் இருந்து மேற்கே வந்தால் கட்டுக்கரைக் குளம். அதையும் கடந்து பாலத்தை அணுகும் முன்னர் வலப் பக்கம் திரும்பினால் திருக்கேதீச்சரம். சம்பந்தரும் சுந்தரரும் தேவாரம் பாடிய தலம். இலங்கையில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் இரண்டே: கிழக்கே திருக்கோணமலை, மேற்கே இது.

கோயிலுக்குப் போகிறவர்களில் பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. கோயிலைச் சுற்றியுள்ள மேடுதான் பழைய மாதோட்டத் துறைமுக நகரம். குதிரை லாட வடிவில் இரட்டை அகழி சூழ்ந்திருந்த நகரம் அது. மகாவம்சம் இதனை மகாதித்த என்று குறிப்பிடுகிறது. விஜயனுக்கு மணமுடிக்க மதுரையில் இருந்து அனுப்பப்பட்ட பாண்டிய இளவரசி கரை இறங்கிய துறை என்று அந்த நூல் சொல்வதும் இதைத்தான். அநுராதபுரம் தலைநகராக இருந்த காலம் முழுவதும் அதன் கடல் வாசல் மாதோட்டமே. சோழர் காலத்தில் இது இராசராசபுரம் எனப் பெயர் பெற்றது. தாழிகுமரன் என்பவன் இங்கே இராசராச ஈச்சரம் என்ற கோயிலைக் கட்டுவித்ததைக் கல்வெட்டு ஒன்று கூறுகிறது.

ஜோன் காஸ்வெல் என்ற பிரித்தானிய ஆய்வாளரின் தலைமையில் 1980 இல் இங்கே அகழாய்வு தொடங்கியது. சீனப் பீங்கான், பாரசீக வளைகுடாப் பகுதியின் மட்கலங்கள் முதலியவை வெளிவந்தன. 1984 இல் போர்ச் சூழலால் பணி நின்றது. ஆய்வு முடிவுகள் நூலாக வருவதற்கு 2013 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. போருக்குப் பின்னர் நடந்த அகழ்வில் கிடைத்த தானியங்களுள் மிளகும் ஒரு கராம்பும் இருந்தன. அந்தக் கராம்பு ஆயிரம் ஆண்டுப் பழமையானது என்று 2018 இல் வெளியான ஆய்வு காட்டியது. கராம்பு அக்காலத்தில் விளைந்தது இந்தோனேசியாவின் கீழைத் தீவுகளில் மட்டுமே. ஏழாயிரம் கிலோ மீற்றருக்குக் குறையாத கடல் வழியில் வந்த ஒரு பொருள் இந்த மண்ணில் விழுந்து கிடந்திருக்கிறது. மாதோட்டம் எப்பேர்ப்பட்ட வாசல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தனர். அதன் கற்கள் மன்னார்க் கோட்டைக்குப் போயின என்பது வழிவழி வந்த செய்தி. 1872 இல் ஆறுமுக நாவலர் திருக்கேதீச்சரத்தை மீட்க வேண்டும் என்று குரல் கொடுத்தார். அதன் பலனாக 1893 இல் அந்த நிலம் விலைக்கு வாங்கப்பட்டது. சிறு கோயிலொன்று எழுந்தது. 1948 இல் சேர் கந்தையா வைத்தியநாதன் முன்னின்று திருப்பணிச் சபையை அமைத்தார். 1976 இல் குடமுழுக்கு நடந்தது. 1990 இல் போர் மீண்டும் கோயிலை ஆளரவமற்றதாக்கியது. பின்னர் இந்திய அரசின் உதவியுடன் கருங்கற் கோயிலாக அமைக்கப்பட்டு 2022 ஜூலையில் குடமுழுக்குக் கண்டது. மகாசிவராத்திரி அன்று பாலாவித் தீர்த்தத்தில் நீர் முகந்து அடியார்கள் தம் கையாலேயே மகாலிங்கத்துக்கு வார்ப்பது வழக்கம். கூட்டம் பொருட்டில்லை என்பவர்கள் அந்நாளில் போகலாம். அமைதியாக மேட்டைச் சுற்றிப் பார்க்க விரும்புபவர்கள் வேறு நாளில் போவதே நல்லது.

பிற்பகல்: முத்துக் கரை

மாலையில் தெற்கே அரிப்புக்குச் செல்லுங்கள். கடற்கரைச் செம்மண் முகட்டில் உடைந்து நிற்கும் செங்கற் சுவர்கள் சில தெரியும். இலங்கையின் முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த், முத்துக் குளிப்பை மேற்பார்வை செய்ய 1801 முதல் 1804 வரை கட்டுவித்த மாளிகை அது. கிரேக்கத் தூண்களின் பாணியில் எழுந்த அந்த மாளிகையைக் கடல் ஆண்டுதோறும் அரித்துக் கொண்டிருக்கிறது. பார்க்க விரும்புவோர் தாமதிக்க வேண்டாம். முகட்டின் விளிம்புக்குப் பிள்ளைகளை விடவும் வேண்டாம்.

முத்துக் குளிப்பு அறிவிக்கப்பட்ட ஆண்டுகளில் இந்த வெறுங்கரையில் ஓலைக் கொட்டில்களாலான ஒரு நகரமே சில வாரங்களுக்கு எழும். கீழக்கரை, காயல், தூத்துக்குடி, யாழ்ப்பாணம், அரபு நாடுகள் ஆகியவற்றில் இருந்து குளிகாரர் வருவர். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு அடியில் இறங்கி, மூச்சுப் பிடிக்கும் அளவுக்குச் சிப்பி அள்ளி மேலே வருவர். அள்ளியதில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. மிச்சமே உயிரைப் பணயம் வைத்தவருக்கு. சுறாவின் வாயைக் கட்டுவதற்கு மந்திரம் ஓதும் 'கடற்கட்டி' இல்லாமல் குளிகாரர் கடலில் இறங்க மாட்டார்கள். மந்திரத்தில் நம்பிக்கையில்லாத பிரித்தானிய அரசாங்கமும் கடற்கட்டிக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது! பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளரான லெனாட் வூல்வ் இளம் அதிகாரியாக 1906 இல் இந்தக் கரையில் முத்துக் குளிப்பு வேலை பார்த்தவர். அடுத்தடுத்த ஆண்டுகளில் சிப்பிப் படுகைகள் பொய்த்தன. 1925 உடன் அந்தத் தொழிலே முடிவுக்கு வந்தது.

அரிப்பில் சிறு கோட்டை ஒன்றின் எச்சமும் உண்டு. கண்டி அரசனிடம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1679 இல் காடுகளுக்குள்ளால் தப்பி வந்து அடைக்கலம் பெற்றது அந்தக் கோட்டையில்தான். அவருக்கும் வெளியே போக இதுவே வாசலாயிற்று.

இரண்டாம் நாள்: தீவு

இரவு மன்னார் நகரில் தங்கலாம். நண்டும் இறாலும் இங்கே நன்றாகக் கிடைக்கும். உணவகத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் அன்றைய மீனைச் சமைத்துத் தருவார்கள். ஊருக்குக் கொண்டு செல்லக் கருவாடு வாங்குவோர் அதைப் புறப்படும் நாளில் வாங்குவது உடன் வருவோருக்குச் செய்யும் உபகாரம்.

காலையில் கோட்டை. யாழ்ப்பாணத்தைப் பிடிக்க வந்து முடியாமற் போன போர்த்துக்கேயர் 1560 இல் மன்னாரில் கால் ஊன்றிக் கட்டிய கோட்டை இது. அதே காலத்தில் முத்துக்குளித்துறையின் புன்னைக்காயலில் இருந்து பரதவக் கத்தோலிக்கரையும் இங்கே கொண்டு வந்து குடியேற்றினர். 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றித் திருத்திக் கட்டினர். 1795 இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. நான்கு கொத்தளங்களில் எதன் மேல் ஏறி நின்றாலும் பாலமும் நீர்ப்பரப்பும் தெரியும். வாசலுக்குக் காவல் போட்டவர்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். கீழே தெரியும் இன்றைய பாலம் 2010 இல் திறக்கப்பட்டது. முன்பிருந்த பாலம் 1990 இல் தகர்க்கப்பட்டது.

கோட்டை எழுவதற்கு முன்னரே இந்தத் தீவு இரத்தம் கண்டு விட்டது. பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் திருமுழுக்குப் பெற்ற மன்னார் மக்கள் அறுநூறு பேரளவில், 1544 இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டனர். தோட்டவெளியில் உள்ள வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயம் அவர்களின் நினைவாக இருக்கிறது. சைவக் கோயிலை இடித்த போர்த்துக்கேயரைப் பற்றிப் பேசும் நாம் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

நகரில் இருந்து சற்றுத் தூரத்தில், பள்ளிமுனையில் பெருக்க மரம் நிற்கிறது. சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். உயரமோ அதன் பாதிக்கும் குறைவு. ஆபிரிக்காவுக்கு உரிய இம்மரத்தை அரபு வணிகர் கொண்டு வந்து நட்டனர் என்பர். அவ்வணிகர் கொண்டு வந்தவை என்று சொல்லப்படும் கழுதைகள் நகரத் தெருக்களில் இன்றும் திரிகின்றன. மரத்தில் பெயர் செதுக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். அது நம் எல்லோரையும்விட நெடுங்காலம் நின்ற மரம்.

அந்த அரபு வணிகத் தொடர்பின் வழி வந்த முஸ்லிம் ஊர்களில் பழமையானது எருக்கலம்பிட்டி. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கில் இருந்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றியபோது மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் படகுகளில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரில் மன்னார் மாவட்டத்தவரே மிகுதி. ஒரு தலைமுறை புத்தளத்தின் அகதி முகாம்களில் வளர்ந்தது. போர் முடிந்த பின்னர் ஒரு பகுதியினரே திரும்பினர். எருக்கலம்பிட்டி வழியாகப் போகும்போது வண்டியை நிறுத்தி ஒரு தேநீர் அருந்துங்கள்.

தலைமன்னார்

மன்னார் நகரில் இருந்து பேசாலையைக் கடந்து ஏறத்தாழ முப்பது கிலோ மீற்றர் ஓடினால் வீதியும் தண்டவாளமும் ஒன்றாக முடியும் இடம் வரும். ஒரு வெளிச்ச வீடு, உடைந்த இறங்குதுறை, மீன்பிடிப் படகுகள். அவ்வளவுதான். பலர் பத்து நிமிடங்களில் திரும்பி விடுகிறார்கள்.

1914 இல் இங்கே புகையிரதமும் கப்பலும் சந்தித்தன. சென்னை எழும்பூரில் ஒரே பயணச்சீட்டு வாங்கினால் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடியும் ரயிலேறிக் கொழும்பு. போட் மெயில் என்ற அந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் மலரும் முதியவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

ஆனால், அந்தச் சொகுசுப் பயணத்துக்கு முன்னரே இக்கரையில் இறங்கியவர்கள் வேறு. 1820 களில் இருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் அழைத்து வரப்பட்ட தென்னாட்டுக் கூலித் தொழிலாளர், தோணிகளில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்தனர். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களை வழியிலேயே விட்டு விட்டு மற்றவர்கள் நடந்தனர். அந்த வழியில் மைல் கற்கள் உண்டு. இறந்தவர்களுக்குக் கல் இல்லை.

அவர்களின் பேரப்பிள்ளைகள் இதே வாசலால் திருப்பி அனுப்பப்பட்டனர். 1964 ஒக்ரோபர் 30 இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றது. இரண்டு மாதங்கள் கூட ஆகவில்லை. டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகள் நிறைந்த ரயிலொன்றைக் கடல் கொண்டு போயிற்று. ஆயினும், அனுப்புவது நிற்கவில்லை. கப்பல் இராமேசுவரத்தில் இருந்து ஓடியது. மலையகத்தில் இருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றி வந்த ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'.

1970 களின் இறுதியில், பத்திரிகைத் தொழிலில் இளைஞனாக இருந்தபோது, நான் அந்தக் கப்பலில் இராமேசுவரம் போனேன். இராமானுஜம் என்பது கப்பலின் பெயர். சுங்கப் பரிசோதனை வரிசையில் எனக்கு முன்னால் மலையகக் குடும்பம் ஒன்று நின்றது. அந்த மனிதருக்கு ஐம்பது வயது இருக்கலாம். தம் கையில் இருந்த பத்திரத்தை என்னிடம் நீட்டி, எந்த ஊர் என்று எழுதியிருக்கிறது எனப் படித்துச் சொல்லச் சொன்னார். திருச்சி மாவட்டத்தின் ஒரு கிராமம். அவருடைய பாட்டனார் விட்டு வந்த ஊர். அவர் பிறந்ததோ அற்றனுக்கு அருகே ஒரு தோட்டத்தில்.

"அந்த ஊர்ல என்னங்கய்யா இருக்கு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. நல்ல ஊராகத்தான் இருக்கும் என்று ஏதோ சொன்னேன். என் சட்டைப் பையில் திரும்பி வருவதற்கான பயணச்சீட்டு இருந்தது. அவரிடம் அது இல்லை. எத்தனையோ பேட்டிகள் கண்டிருக்கிறேன். பதில் சொல்ல முடியாத கேள்வியாக என்னுடன் தங்கி விட்டது அதுதான். ரொறன்ரோ வாசகரின் மின்னஞ்சலைத் திறந்தபோது அதே கேள்வி மீண்டும் என் முன்னால் நின்றது.

கப்பல் 1984 இல் நின்றது. அதன் பின்னர் இந்த வாசலைத் திருட்டு வழியாகவே மக்கள் கடந்தனர். பேசாலையில் இருந்தும் தலைமன்னாரில் இருந்தும் இரவில் படகேறிய அகதிகளை மணற்றிட்டுகளில் இறக்கி விட்டுப் படகோட்டிகள் திரும்பிய கதைகள் பல. கரை சேர்ந்தவர்கள் மண்டபம் முகாமுக்குப் போயினர். ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பு முன் தொழிலாளரைத் தங்க வைத்த அதே முகாம்.

2023 இல் மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டு நிறைவையொட்டி, ஜூலை 28 இல் தலைமன்னாரில் இருந்து புறப்பட்டு மாத்தளை வரை பதினாறு நாட்கள் ஒரு நடைபயணம் நடந்தது. மூதாதையர் விழுந்த வழியில் பேரர்கள் நடந்தார்கள். தலைமன்னாருக்குப் போகிறவர்கள் இறங்குதுறையில் அரை மணி நேரமாவது நின்று இதை நினைக்க வேண்டும்.

சில குறிப்புகள்

தலைமன்னாரில் கடற்படையினர் இருப்பார்கள். படம் எடுக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். மணற்றிட்டுகளைக் காணத் தனியார் படகில் கிளம்பி விடாதீர்கள். இராமர் அணை, ஆதாமின் பாலம் என்று இரு பெயர்களில் வழங்கும் அப்பகுதி இலங்கையில் 2015 முதல் கடற் தேசியப் பூங்கா. எல்லைக் கடலும் கூட. மீனவரோடு பேசக் கிடைத்தால் பேசுங்கள். இழுவைப் படகு மீன்பிடியை 2017 இல் இலங்கை தடை செய்தும், தமிழகத்தின் இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துச் செல்வதைச் சொல்வார்கள். அக்கரையில் இருப்பவரும் தமிழர்தானே என்று நாம் தொலைவில் இருந்து சொல்வது எளிது.

தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் இயங்கத் தொடங்கிய முப்பது காற்றாலைகள் வரிசையாக நிற்பதைக் காண்பீர்கள். பார்வைக்கு அழகுதான். ஆனால், மேலும் காற்றாலைகள் அமைப்பதையும் கனிய மணல் அகழ்வதையும் எதிர்த்து மன்னார் மக்கள் 2025 இல் தொடர் போராட்டம் நடத்தினார்கள். கடல் மட்டத்தோடு கிடக்கும் மணல் தீவு இது. மணலைத் தோண்டினால் மிஞ்சுவது கடல்தான் என்பது அவர்களின் வாதம். பார்வையாளராகப் போகும் நாம் அவர்கள் சொல்வதையும் கேட்டு விட்டு வர வேண்டும்.

இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே மீண்டும் கப்பல் விடுவது பற்றிப் பேச்சு அவ்வப்போது எழுகிறது. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 இல் கப்பல் தொடங்கியது. தலைமன்னார்த் துறையோ, இதை எழுதும் வரையில், வெறுமையாகவே கிடக்கிறது.

என் வாசக நண்பருக்குச் சொல்வது இதுதான். இரண்டு நாட்கள் அதிகம் இல்லை. பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். மாதோட்டத்து மேட்டில் நின்று, இங்கே யார் யார் வந்தார்கள் என்று சொல்லுங்கள். மறு நாள் தலைமன்னாரில் நின்று, யார் யார் போனார்கள் என்று சொல்லுங்கள். கனடாவுக்குப் போன உங்கள் கதையும் அதன் தொடர்ச்சிதான் என்பதை அவர்கள் தாமாகவே புரிந்து கொள்வார்கள். உங்களிடம் திரும்பிச் செல்லப் பயணச்சீட்டு இருக்கிறது. அது எல்லோருக்கும் கிடைத்த ஒன்றல்ல.